பதினாலாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது இன்று நின்றது. ஊரார் கட்டடத்து லிஃப்டையெல்லாம் இவர் ரிப்பேர் செய்வார். சொந்த வீட்டுக் குழாய் என்றால் நான்தான் ஸ்பேனர் பிடிக்க வேண்டும்.

மத்தியானத் தபாலில் நலத்துறையிலிருந்து தடித்த கவர் வந்தது. கொழுந்தனுக்கு நான் காப்பாளராக இருக்கலாமா என்று பார்ப்பதற்கான படிவம். பதினெட்டுப் பக்கம். அத்தை காலமாகி நாலு மாதம் ஆகப்போகிறது. அவர்கள் இருந்தவரை பிள்ளைக்கு அவர்கள்தான் காப்பு. அவனுக்கு முப்பத்தாறு வயது. சட்டைக்குப் பட்டன் போட ஆள் வேண்டும், மீதிக் காசு எண்ண வராது. ஆனால் எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்தத் தெருவைத் தாண்டும் என்று கேட்டால் உடனே சொல்வான். வீட்டில் அவனுக்கு டைம்கீப்பர் என்றே பெயர். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதியில் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். காப்பாளர் முடிவானால்தான் வெளியே விடுவார்களாம். இவர் நேரம் காலம் இல்லாமல் வேலைக்கு ஓடுகிறவர். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவள் பெயரில்தான் கேட்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆக நான்.

முதல் பக்கத் தலைப்பிலேயே ஒரு சொல் என்னை மறித்தது. எஸ்-யூ-ஐ-டி என்று தொடங்கி மூச்சு முட்ட நீள்கிறது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியோடு தினம் ஒரு சொல் என்று பதினேழு வருஷம் ஓட்டியிருக்கிறேன். இந்தச் சொல்லை எப்படித் தாண்டிப் போனேன்?

மார்ச் 6, வியாழன்

அகராதியில் மூன்று பொருள் போட்டிருக்கிறது. தகுதி. பொருத்தம். ஏற்புடைமை.

உச்சரிப்பு: சூட்டபிலிட்டி. நடுவில் நிற்கிற 'ஐ'க்கு வாயே கிடையாது. எழுத்தில் மட்டும் நிற்கும், பேச்சில் வராது. அழுத்தம் 'பி'யில். மாடிப்படியில் ஏறுவது மாதிரி அந்த 'பி'யில் காலை ஊன்றி மேலே போக வேண்டும். துணி துவைக்கும்போது நாற்பது ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். இவர் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன மந்திரம்?"

"சூட்டபிலிட்டி. காப்பாளரா இருக்கத் தகுதி இருக்கான்னு பார்க்கப் போறாங்க."

"சூடு வெச்சா பார்ப்பாங்க? உனக்கு இல்லாத தகுதியா! போய்க் காபியைப் போடு."

மார்ச் 7, வெள்ளி

பதிமூன்று கேள்விக்குப் பதில் எழுதி முடித்தேன். வீட்டில் எத்தனை அறை, ஜன்னலுக்குக் கம்பி உண்டா, மருந்துகளை எங்கே வைப்பீர்கள் — இதெல்லாம் வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரிதான், கை தானாக ஓடியது. பதினாலாவதில் நின்றுவிட்டது.

'இந்தப் பொறுப்புக்கு நீங்கள் எந்த வகையில் பொருத்தமானவர் என்று கருதுகிறீர்கள்? விரிவாக எழுதவும்.' கீழே கோடு போட்ட முழுப் பக்கம். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாமாம்.

நான் என்னைப் பற்றி என்ன கருதுகிறேன்? இதைத் தினமும் விடிந்ததும் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறவள்தானே. அங்கே போய் 'நான் பொறுமைசாலி, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்' என்றா சொல்கிறேன்? நேற்று யார்மேல் எரிந்து விழுந்தேன், எதை மறைத்தேன் என்றுதானே சொல்கிறேன். ஒரே கேள்விக்கு சாமிக்கு ஒரு பதில், ஆபீசுக்கு ஒரு பதிலா?

எழுதினேன். பேனாவை எடுக்காமல் ஐந்து பக்கம். கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும் என்று எழுதினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாததில் சாமிமேல் இன்னும் பாதிக் கோபம் மிச்சம் இருக்கிறது என்று எழுதினேன். பிறகு, இவரிடம்கூடச் சொல்லாததையும் எழுதினேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அத்தையும் அவனும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சமயம். அத்தை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். நான் பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்று பஸ் நம்பராகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று தடவை எழுந்து போய் அவனை உட்கார வைத்துவிட்டு வந்தேன். நாலாவது தடவை கையைப் பிடித்து இழுத்துப்போய் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடினால் அன்றைக்குப் பார்த்து மனசு அப்படி அடங்கியது. முக்கால் மணி நேரம். திறந்தபோது அவன் கதவை ஒட்டி நின்றிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. அழவில்லை. "முடிஞ்சுதா அண்ணி?" என்று கேட்டான்.

துடைத்தேன். உடை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இவர் கையெழுத்துப் போட்டார், படிக்கவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மார்ச் 19, புதன்

விசாரணைக்கு ஒரு அம்மா வந்தார்கள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பெரிய பச்சைப் பை. அதிலிருந்து அளவு நாடா, டார்ச், பேனா என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. கதவின் அகலம் அளந்தார்கள், வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார்கள், அவனுக்கென்று ஒழித்து வைத்திருக்கும் அறையின் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு உட்கார்ந்து என் ஐந்து பக்கத்தை எடுத்தார்கள்.

"பதினாலாவது கேள்விக்கு இத யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்ல மேடம். நானாத்தான்."

"பதினோரு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்மா. அந்தப் பக்கத்துல எல்லாரும் தனக்குத் தானே நற்சான்று கொடுத்துப்பாங்க. தன் மேலயே குற்றப்பத்திரிகை எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

இவர் காபித் தட்டோடு வந்தவர் சிரித்தார். "அவ அப்படித்தான் மேடம். கடைக்காரர் மறந்து ஒரு எலுமிச்சம்பழம் கூடப் போட்டுட்டாக்கூட மூணு மாடி இறங்கிப் போய்க் கொடுத்துட்டு வருவா. இப்ப என்னத்த எழுதித் தொலைச்சிருக்கா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இவர் தட்டை மேசைமேல் வைத்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். அவ்வளவு மெதுவாக வைத்தார்.

"பூட்டி வெச்சதுன்னு எழுத்துல வந்துட்டா நான் கண்ண மூடிட்டுப் போக முடியாது. குழு முன்னால வைக்கணும். ஆறேழு வாரம் ஆகும். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அவரு விடுதியிலயேதான்."

"வேற யாருக்கும் கொடுப்பாங்களா?"

"வேற யாரு இருக்கா?"

யாருமில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டவர்கள் திரும்பினார்கள். "ஒண்ணு சொல்லட்டுமாம்மா? தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு பக்கம் எழுதியிருக்கீங்க. நான் கெட்டவ, நான் கோவக்காரி, நான் பாவின்னு எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. அவரு ஒரே ஒரு வரியிலதான் வராரு. 'முடிஞ்சுதா அண்ணி'ன்னு கேட்டதோட சரி. அவருக்கு எது பிடிக்கும்? எதப் பார்த்தா பயப்படுவாரு? உடம்புக்கு முடியலைன்னா எப்படிச் சொல்லுவாரு?"

"அத்தைக்குத் தெரியும்" என்றேன்.

"அத்தைதான் இல்லையேம்மா."

மார்ச் 20, வியாழன்

இவர் பேசல. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். குழம்புல உப்பில்லன்னு எனக்கே தெரியுது, அதக்கூடச் சொல்லல. திட்டினாலாவது தேவலாம். ஏன் எழுதினேன்? உண்மைய எழுதினா தப்பா? உண்மைதானே? சாமி, நீயே சொல்லு — நான் அத உனக்காக எழுதினேனா, இல்ல எம்மேல பாரம் இறங்கட்டும்னு எழுதினேனா? பாரம் எனக்கு இறங்குச்சு. அது போய் அவன் தலையில உக்காந்துக்கிச்சு.

மார்ச் 23, ஞாயிறு

நாலு நாள் கழித்து இவர் வாயைத் திறந்தார். கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"நீ அவனப் பூட்டி வெச்சதுல எனக்குக் கோவமில்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அத விட, ஒம்பது வருஷமா எங்கிட்ட சொல்லாம முகம் தெரியாத ஆபீசுக்குப் போய்ச் சொன்ன பாரு, அதுதான் எனக்கு ஆறல."

நான் அழுதேன்.

பிறகு ஆல்பத்தைத் திறந்து குடும்பப் போட்டோவைக் காட்டினார். எல்லோரும் நிற்கிறோம். வலது ஓரத்தில் கொழுந்தனின் பாதித் தோளும் ஒரு காதும் மட்டும் விழுந்திருக்கிறது. போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"நான்தான் சொன்னேன், கொஞ்சம் தள்ளி நிக்க வைங்கன்னு. உங்க வீட்டு ஆளுங்க பார்ப்பாங்களேன்னு வெட்கமா இருந்துச்சு. இத எந்த ஆபீசுக்கு எழுதிப் போடட்டும்?"

அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். இரண்டு திருடர்கள் சந்தித்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று தனியாக விடுதிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போவோம், பழம் கொடுப்போம், நல்லா இருக்கியா என்று கேட்போம், நல்லா இருக்கேன் என்பான், அரை மணியில் கிளம்பிவிடுவோம். நாலு மாதமாக இதைப் பாசம் என்று கணக்கில் வைத்திருக்கிறேன்.

அவன் அறையில் இல்லை. வார்டன் சலவைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். "உள்ள வாங்க. ஆனா பேச்சுக் கொடுக்காதீங்க, அவரு டூட்டில இருக்காரு."

நீளமான மேசை. எந்திரங்களின் உறுமல், ஆவி வாடை. ஒரு பக்கம் மலை மாதிரி வெள்ளைத் துண்டுகள். நடுவில் டைம்கீப்பர் நின்று மடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னிக்குச் செவ்வாக்கிழமை அண்ணி. நீங்க ஞாயித்துக்கிழமைதான்."

"இனிமே செவ்வா, வெள்ளியும் வரலாம்னு பார்த்தேன். வரட்டா?"

யோசித்தான். "பதினேழாம் நம்பர்ல வந்தீங்களா?"

"ஆமா."

"அது சுத்திக்கிட்டு வரும். முப்பத்தொண்ணுல வாங்க." அதுதான் அனுமதி போலிருக்கிறது. "உக்காருங்க. தொடாதீங்க."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது; ஒரு துண்டை எடுத்து நாலாக மடித்து வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்து, உதறி, மூன்றாக மடித்து, ஓரம் உள்ளே போகும்படி திருப்பி வைத்தான். இருபது வருஷமாக வீட்டில் துணி மடிக்கிறவள் நான். சும்மா இருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மேலே இருந்து வெந்நீர் கொட்டினால் பயப்படுகிறான். வாளியில் வைத்தால் தானே குளிக்கிறான். சாப்பாட்டில் முட்டையைக் கடைசிக்கு வைக்கிறான், யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இடது கையால் மறைத்தபடி. தலைவலித்தால் தலைவலி என்று சொல்ல மாட்டான். "இன்னிக்கு பஸ்ஸெல்லாம் லேட்டு" என்பான். இதை வார்டன்தான் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் இருந்தானே. இப்படி எத்தனை தடவை பஸ் லேட்டு என்று சொல்லியிருப்பான்? "அப்படியாப்பா" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தச் சொல் என்னை விடுவதாக இல்லை. நூலகத்துக்குப் போய், எடுத்துப் போக விடாத அந்தத் தலையணை அகராதியைக் கேட்டேன். நூலகர் அம்மாவே தூக்கி வந்து வைத்தார்கள்.

"எந்தச் சொல்லு?"

"சூட்டபிலிட்டி," என்றேன். 'பி'யில் காலை ஊன்றி.

"அடேங்கப்பா, சரியாச் சொல்றீங்களே!" என்றார்கள். இந்த வயதில் அதற்குப் போய் எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

சொல்லின் வேரைத் தேடிக்கொண்டு போனால், பிரெஞ்சு வழியாக லத்தீன் வரை போகிறது. வேருக்குப் பொருள்: பின்தொடர்வது. முன்காலத்தில் ஒரு பெரிய மனிதரின் பின்னால் போகிற பரிவாரத்துக்குத்தான் 'சூட்' என்று பெயராம். அவர்கள் ஒரே மாதிரி உடுத்திய உடைக்கும் பிறகு அதே பெயர். கோட்டும் சூட்டும், சூட்கேஸும் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றோடு ஒன்று ஒத்துப் போவது என்ற பொருள் அப்புறம்தான் வந்திருக்கிறது. தகுதி என்கிற வால் அதற்கும் பிறகு.

எனக்கு மணிக்கணக்காக அதே நினைப்பு. பின்னால் போவது. நான் இத்தனை நாளும் முன்னால் அல்லவா போய்க்கொண்டிருந்தேன்? அறையை ஒழித்தேன், திரை தைத்தேன், கட்டில் வாங்கினேன், 'வா' என்கிறேன். அவன் எங்கே போகிறான் என்று பார்த்தேனா?

நம் அகராதி போட்ட மூன்று சொல்லையும் வைத்துப் பார்க்கிறேன். தகுதி என்பது ஒரே ஆளிடம் இருக்கலாம். பொருத்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். நான் பதினாலாவது கேள்விக்கு ஒற்றை ஆளாக நின்று பதில் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முப்பத்தொன்றில் போனேன். உண்மைதான், பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத?

சலவைக் கூடத்தில் அவனோடு இன்னொருவர் வேலை பார்க்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சோப்புத் தூள் அளந்து போடுவது அவர் வேலை, அதனால் எல்லோருக்கும் சோப்பண்ணன். நான் வந்த நாட்களிலெல்லாம் அவருக்கு லீவு. இன்று என்னைப் பார்த்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டைம்கீப்பரு, இவங்கதானா உங்க அண்ணி? பஸ் நம்பர் சொன்னா ரூம்ல போட்டுப் பூட்டுவாங்களே, அவங்களா?"

மறந்திருப்பான் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம். மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்தேன். அவனுக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆள் கிடைத்ததும் சொல்லியிருக்கிறான்.

அவன் துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அது அப்போண்ணே. இப்ப உக்காந்திருக்காங்க."

எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். "அன்னிக்கு நான் கதவப் பூட்டினது தப்புப்பா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"ஆமா, தப்பு," என்றான்.

பரவாயில்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேனோ? அவன் சொல்லவில்லை. தப்புதான். பத்துப் பதினைந்து துண்டு மடித்தான். பிறகு மலையைக் காட்டி, "அதுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. ஒவ்வொண்ணாத்தான்," என்றான்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மேசை காலியாகும்வரை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்மணி, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கர்ச்சீப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குழுவுக்கு வேறு ஒரு தாள் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, அது அப்படியே இருக்கட்டும். இது தனி. இதில் அவனைப் பற்றி மட்டும். குளிப்பது, சாப்பிடுவது, எதற்கு முகம் சுருங்கும், எதற்குச் சிரிப்பான், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவான் என்பது, பஸ் லேட்டு என்றால் என்ன அர்த்தம் என்பது.

'நான்' என்று ஆரம்பித்து ஆரம்பித்து நாலு தாள் கிழித்தேன். அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதுவது இவ்வளவு கஷ்டமா? பிரார்த்தனையிலும் இதே கதைதான் போலிருக்கிறது. சாமி எத்தனை வருஷமாகச் சலிக்காமல் என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறதோ.

ஏப்ரல் 27, ஞாயிறு

இவர் அந்த அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு மாவு வைத்து அடைத்து வர்ணம் பூசினார். சொந்த வீட்டில் இவர் ஸ்பேனர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்கவில்லை நான், கண் பட்டுவிடும்.

மே 6, செவ்வாய்

குழு கூடியது. பெரிய மேசை, மூன்று பேர், நடுவில் தலைவர். பச்சைப் பை அம்மா ஓரத்தில். சுவரை ஒட்டி டைம்கீப்பரும் வார்டனும். சோப்பண்ணன் வாரிவிட்டாராம், அவன் தலை படிந்திருந்தது.

இரண்டு தாளையும் படித்திருந்தார்கள். தலைவர் கேட்டார்: "மறுபடி அந்த மாதிரி ஒரு நாள் வந்தா என்ன செய்வீங்க?"

"வரும் சார். பொறுமை போற நாள் வராதுன்னு சொன்னா அது பொய். வந்தா கதவத் தொறந்தே விட்டுட்டு நான் வெளிய போயிடுவேன். இவருக்குப் போன் பண்ணுவேன். பிரார்த்தனை அப்புறம் பண்ணிக்கலாம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். என் கை இவர் கையில் இருந்தது. பிறகு தலைவர் சம்மதம் என்றார். 'சூட்டபிள்' என்று முத்திரை குத்திய தாளை மேசையில் வைத்தார்.

சாமி! என்று மனசுக்குள் கத்திவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். பச்சைப் பை அம்மா, "அவரயும் கேக்கணும் சார், விதி இருக்கு," என்றார்கள்.

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். "அண்ணி வீட்டுக்குப் போய் இருக்கீங்களா?"

"திங்கக்கிழமை துண்டு வரும்," என்றான்.

"துண்டு வேற யாராவது மடிப்பாங்க."

"நாலா மடிப்பாங்க." சொல்லும்போதே முகம் சுருங்கியது. "அண்ணி வீட்டுல துண்டு மூணுதான் இருக்கு. சனிக்கிழமை வரேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் போயிடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா? இவர் என் கையை அழுத்தினார்.

தலைவர் விடவில்லை. "அண்ணி உங்களுக்கு ஒத்துவருவாங்களா?"

டைம்கீப்பர் என்னை மேலும் கீழும் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த புதுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி.

"பழகிட்டாங்க," என்றான்.

மே 7, புதன்

நாள் பூரா அந்த ரூம் வாசல்லயே உக்காந்திருந்தேன். திரை தெச்சேன், கட்டில் போட்டேன், அஞ்சு மாசமா கூட்டிக் கூட்டி வெச்சேன். சனி ஞாயிறுக்கா? ரெண்டு நாளுக்கு விருந்தாளி மாதிரியா? தாள்ல முத்திரை குத்திக் குடுத்தாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

சாயந்திரம்.
இவர் வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "எனக்கு அவன் வயசுல என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா? நானும் இந்த லிஃப்ட் வேலைக்குள்ள போய் மாட்டிக்கிட்டேன். அவனுக்கு ஒரு வேலை இருக்கு, ஒரு சிநேகிதன் இருக்கான். நம்ம வீட்டுல என்ன இருந்துச்சு, ஜன்னல்தானே?"

எழுந்து விளக்கைப் போட்டேன்.

மே 13, செவ்வாய்

ஒரு டஜன் வெள்ளைத் துண்டு வாங்கினேன். இவர் பில்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். செலவுப் பக்கத்தில் 'அவசியம்' என்று எழுதினேன்.

மே 18, ஞாயிறு

நேற்றுக் காலை வந்தான். வந்ததும் ஜன்னலுக்குப் போனான். பிறகு சமையலறை, பிறகு மொட்டை மாடி, பிறகு எங்கள் அறை. நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தான். துண்டுகளைப் பார்த்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டான். முட்டையைக் கடைசியில் சாப்பிட்டான். இன்று காலை நான் பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சீக்கிரம் முடித்துக்கொண்டு போய் அவன் எழுந்திருக்கும்வரை கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

சாயந்திரம் நான்தான் கொண்டுபோய் விட்டேன். முப்பத்தொன்றில். இத்தனை வாரமும் நான் விடுதியை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பஸ் திரும்பும்வரை நிற்பான். அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்ப்பக்க சீட்டில் உட்காருவேன்.

இன்று பையை என் கையிலிருந்து வாங்கினான். போயிட்டு வரேன்கூடச் சொல்லவில்லை. உள்ளே சோப்பண்ணனைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனான். முற்றத்தைத் தாண்டும்போதே கத்தினான்:

"அண்ணே! எங்க வீடு மூணாவது மாடி! எல்லா பஸ்ஸும் தெரியும்!"

ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.